22ஆம் வாரத்தில் 8 கிலோ கூடிவிட்டது, இது அதிகமா? மறுபடி ஓடலாமா?

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் வணக்கம். முதல் குழந்தை, 22ஆம் வாரம் நடக்கிறது. வயது 29, உயரம் 158 சென்டிமீட்டர். போன செக்கப்பில் எடை 60 கிலோ. அட்டையைப் பார்த்த டாக்டர், "8 கிலோ ஏறிவிட்டதே, வாயைக் கட்டும்மா" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அங்கே வாய் வரவில்லை. வெளியே வந்த பிறகுதான் கேள்வியெல்லாம் வரிசை கட்டி நிற்கிறது.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. அம்மா கணக்கில் நான் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும். தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்தாலும், "உனக்கா போடுகிறேன், உள்ளே இருக்கிற பிள்ளைக்குத்தானே" என்பார். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரி, "வயிறே தெரியலையே, பிள்ளை சரியா வளருதா?" என்று கேட்கிறாள். ஆஸ்பத்திரியில் நான் குண்டு, ஆபீஸில் ஒல்லி, அம்மாவுக்கு நான் பட்டினி கிடப்பவள். இதில் யாரை நம்புவது?

இன்னொரு விஷயம் ஓட்டம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் நாலு நாள், நாளைக்கு 5 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே வீட்டுக்காரர் பயந்துபோய் நிறுத்தச் சொன்னார். முதல் மூன்று மாதம் மசக்கையில் எழுந்து நிற்பதே பெரிய பாடு, அதனால் நானும் சண்டை போடவில்லை. இப்போது தெம்பு வந்துவிட்டது. கால் தானாக ஷூவைத் தேடுகிறது. அவரோ, "ஓடினால் பிள்ளை குலுங்காதா?" என்கிறார். கீழ்முதுகு வேறு சாயங்காலம் ஆனால் வலிக்கிறது. ஓடலாமா, நடைதான் கதியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைவால்:

நிலா, பயப்படவே பயப்படாதீர்கள். பெரியவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு 20 கிலோ ஏறியது. டாக்டர் திட்டினார், நான் தலையாட்டினேன், அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். பிள்ளை ஜம்மென்றுதான் பிறந்தான். இந்த எடைக் கணக்கெல்லாம் பார்த்தால் மனசுதான் கெடும். பசித்தால் சாப்பிடுங்கள். ஓட்டம் மட்டும் வேண்டாமே! நாளைக்குப் பிள்ளை பின்னால் ஓடத்தானே போகிறீர்கள்.

ஓபி அக்கா:

இரட்டைவால் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பயம் வேண்டாம் என்கிற பாதியை. மற்றதை அப்படியே விட முடியாது. 20 கிலோ ஏறியும் நல்லபடியாகப் பெற்றவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ரொம்பப் பெரிதாகி ஆபரேஷன் வரை போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏறிய எடை இறங்காமலே அடுத்த கர்ப்பத்தோடு வந்து நின்றவர்களும் உண்டு. ஒருத்தருக்கு நடந்ததை இன்னொருத்தருக்கு மருந்துச் சீட்டாக எழுத முடியாது.

நிலா, முதலில் எனக்கு ஒன்று சொல்லும்மா. அந்த 8 கிலோ எந்த எண்ணிலிருந்து கழித்து வந்தது? கர்ப்பத்துக்கு முன் இருந்த எடையிலிருந்தா, இல்லை ஆஸ்பத்திரியில் முதல் அட்டை போட்ட அன்றைக்கு இருந்த எடையிலிருந்தா? இரண்டும் ஒன்றில்லை. மசக்கையில் 2, 3 கிலோ இளைத்துப்போய் 10ஆம் வாரத்தில் அட்டை போட வருவார்கள். அதையே தொடக்கமாக எழுதிவிட்டால், பிறகு இழந்ததைத் திரும்பப் பெறுவதும் "ஏற்றம்" என்று கணக்கில் சேர்ந்துவிடும்.

நான் கர்ப்பிணிகள் ஓபியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் உத்தியோகத்தில் பாதி எடை மெஷினுக்குப் பக்கத்தில்தான் போயிற்று. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறுவார்கள். மூத்தது அம்மா காலைக் கட்டிக்கொண்டு தன் காலையும் மெஷின் மேல் வைத்திருக்கும். கூட்டத்தில் அதையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள். ஒரே ஆளுக்கே காலைக்கும் மாலைக்கும் 1 கிலோ சர்வசாதாரணமாக மாறும். ஆகவே ஒரு நாள் எண்ணை வைத்து யாராவது திட்டினால், அந்த எண் எப்படி வந்தது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும்.

இனி அளவுகள். இப்போது பல நாடுகளில் டாக்டர்கள் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009இல் வெளியிட்ட கணக்கை. கர்ப்பத்துக்கு முந்தைய பிஎம்ஐதான், அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருகிற எண்தான் அதற்கு அடிப்படை. பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருந்தவர் மொத்தத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். 18.5 முதல் 24.9 வரை இருந்தவர் 11.5 முதல் 16 கிலோ. 25 முதல் 29.9 என்றால் 7 முதல் 11.5 கிலோ. 30ம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9 கிலோ போதும். இரட்டைக் குழந்தை என்றால் கணக்கே வேறு, நடுத்தர எடைக்காரருக்கே 17 முதல் 25 கிலோ வரை போகும்.

இதில் முதல் மூன்று மாதத்துக்கு அரை கிலோ முதல் 2 கிலோ வரைதான். ஏறாவிட்டாலும், மசக்கையில் கொஞ்சம் குறைந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு நடுத்தர பிஎம்ஐக்காரருக்கு வாரம் 350 முதல் 500 கிராம். ஆனால் இது தண்டவாளத்தில் வண்டி போகிற மாதிரி சீராகப் போகாது. ஒரு மாதம் 1 கிலோ இருக்கும், அடுத்த மாதம் இரண்டரை இருக்கும். நான் அட்டையை வாங்கினால் கடைசி எண்ணில் கண்ணை வைக்க மாட்டேன். வரிசையாக நாலு செக்கப்பையும் பார்த்து ஏற்றம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன்.

நீ மட்டும்தான் இதில் மாட்டிக்கொண்டாய் என்று நினைக்காதே. 2017இல் ஜாமா என்கிற மருத்துவ இதழில் 13 லட்சத்துக்கும் அதிகமான கர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. அதில் 47 சதவீதம் பேர் இந்த அளவுக்கு மேல் ஏறியிருந்தார்கள், 23 சதவீதம் பேர் அளவுக்குக் கீழே. அளவுக்குள் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. மேலே போனால் பெரிய குழந்தை, ஆபரேஷன் பிரசவம் இவற்றின் வாய்ப்புக் கூடியது. கீழே போனால் எடை குறைந்த குழந்தை, குறைப்பிரசவம் இவற்றின் வாய்ப்புக் கூடியது. ஆக, அம்மா பயப்படுவதும் டாக்டர் பயப்படுவதும் இரண்டுமே வெறும் பேச்சில்லை.

சரி, ஏறுகிற எடை எங்கே போகிறது? மொத்தம் பன்னிரண்டரை கிலோ என்று வைத்துக்கொள். பிறக்கும்போது பிள்ளை 3 கிலோ சொச்சம். நஞ்சு (பிளசென்டா) முக்கால் கிலோவுக்குப் பக்கம், பனிக்குட நீர் அதே அளவு, கர்ப்பப்பை 1 கிலோ, மார்பு அரை கிலோ. ரத்தம் ஒன்றேகால் கிலோ கூடும், உடம்பில் தேங்குகிற நீர் ஒன்றரை கிலோ இருக்கும். மீதி 3 கிலோ சொச்சம் கொழுப்பு, தாய்ப்பாலுக்காக உடம்பு போட்டுவைக்கிற சேமிப்பு. இந்தச் சேமிப்பு பெரும்பாலும் நடு மாதங்களில்தான் சேரும். அதனால்தான் 22ஆம் வாரத்தில் பிள்ளை அரை கிலோவை ஒட்டி இருக்கும்போதே மெஷின் 5, 6 கிலோ கூடக் காட்டுகிறது. இந்த இடம் புரியாமல் அழுத பெண்கள் நிறையப் பேர். "பிள்ளையே அரை கிலோதானாம், மற்றதெல்லாம் என் மேல் ஏறிய சதையா" என்று கேட்பார்கள். இல்லையம்மா, ரத்தமும் நீரும் பையும் அதில் பெரிய பங்கு, மீதிதான் அந்தச் சேமிப்பு.

அம்மாவிடம் இதைச் சொல்: முதல் மூன்று மாதத்துக்குக் கூடுதல் சாப்பாடே தேவையில்லை. நடு மூன்று மாதத்தில் நாளைக்குச் சுமார் 340 கலோரி கூட வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் 450. 340 கலோரி என்பது ஒரு டம்ளர் பாலும் ஒரு கைப்பிடி பருப்பு கொட்டை வகையும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது இன்னோர் ஆள்தான், ஆனால் அதற்கு இன்னொரு முழுச் சாப்பாடு தேவையில்லை. அளவைவிடப் பொருள் முக்கியம்: புரதம் நாளைக்கு 70 கிராம் வரை, இரும்பு, கால்சியம்.

உன் பழைய எடை, அட்டையில் இருக்கிற எடைகள், பிரஷர் எல்லாம் போடு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எதையும் குறைக்காதே.

காலைஓட்டம்:

எடையை அக்கா பார்த்துக்கொள்வார், நான் ஓட்டத்துக்கு வருகிறேன். எனக்கு இது இரண்டாவது, 31ஆம் வாரம். முதல் கர்ப்பத்திலும் ஓடினேன், இதிலும் ஓடினேன், இரண்டு தடவையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளை தண்ணீருக்குள் மிதக்கிறது, சுற்றிலும் கர்ப்பப்பையின் தடித்த தசை. ஓட்டத்தின் குலுங்கல் அதற்கு அடி இல்லை. சிக்கலில்லாத கர்ப்பத்தில் மிதமான உடற்பயிற்சியால் கருச்சிதைவோ குறைப்பிரசவமோ கூடுவதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதலும் அதே வருடம் உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் ஒன்றுதான்: வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி. முன்பே ஓடிக்கொண்டிருந்தவர்கள் டாக்டர் சம்மதத்தோடு தொடரலாம். "நாடித் துடிப்பு 140ஐத் தாண்டக் கூடாது" என்று யாராவது சொன்னால், அது 1985இல் சொன்ன விதி, 1994லேயே கைவிட்டுவிட்டார்கள். இப்போது பேச்சுதான் அளவுகோல். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம், பேச மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும்.

ஆனால் இது எல்லாருக்கும் இல்லை. நஞ்சு கீழே இறங்கி வாயை மூடியிருப்பவர்கள், கர்ப்பப்பை வாய் பலவீனம் என்று தையல் போட்டவர்கள், ரத்தக்கசிவு இருப்பவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், கர்ப்ப கால பிரஷர் கோளாறு வந்தவர்கள், கடுமையான ரத்தசோகை, சில இதய நுரையீரல் நோய்கள், இவர்களுக்கு ஓட்டம் கிடையாது. உங்கள் டாக்டர் அவசரக்காரர் போலத் தெரிகிறது. அவரிடம் "என்ன பயிற்சி செய்யலாம்?" என்று கேட்டால் "நட" என்று சொல்லி அனுப்பிவிடுவார். "எனக்கு உடற்பயிற்சிக்குத் தடை என்று ஏதாவது இருக்கிறதா? நஞ்சு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் பழைய 5 கிலோமீட்டருக்குப் போய் நிற்காதீர்கள். நாலைந்து மாத இடைவெளிக்குப் பிறகு உடம்பு அந்தப் பழைய உடம்பு இல்லை. ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, 20 நிமிடம் போதும். பழக்கம் வந்த பிறகு ஓட்டத்தின் பங்கைக் கூட்டலாம். வயிறு முன்னால் தள்ளுவதால் தடுமாற்றம் வரும், மேடு பள்ளம் இல்லாத பாதையாகப் பாருங்கள். வழியில் கழிப்பறை எங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மார்புக்குப் பெரிய அளவில் இறுக்கமான உள்ளாடை வாங்க வேண்டும், பழையது ஆகாது. வயிற்றைத் தாங்கும் பெல்ட் எனக்கு 25ஆம் வாரத்துக்கு மேல் நிம்மதி தந்தது, சிலருக்கு அது புழுக்கம்தான்.

ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடியில் எதையோ கீழே இழுக்கிற மாதிரி கனத்தாலோ, இடுப்புத் தளத் தசை தாங்கவில்லை என்று அர்த்தம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு அந்தத் தசைகளுக்கான இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்ய வேண்டும். ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போது இடுப்பெலும்பின் முன்னாலோ பின்னாலோ சுரீர் என்றால் அதுவும் ஓட்டத்துக்குச் சிவப்பு விளக்கு. எனக்கு இந்தத் தடவை 28ஆம் வாரத்தில் அது வந்தது. அழுகையாகத்தான் வந்தது, ஆனாலும் நீச்சலுக்கு மாறிவிட்டேன். தண்ணீருக்குள் இறங்கினால் வயிற்றின் பாரமே தெரியாது, கால் வீக்கமும் வடியும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இப்போது ஓட்டத்தைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

கீழ்முதுகு வலிக்கு ஓட்டத்தைவிடத் தசைப் பயிற்சி நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ரப்பர் பட்டையை நெஞ்சுப் பக்கம் இழுப்பது, கையும் முழங்காலும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்காதீர்கள். மல்லாந்து படுத்து நெடுநேரம் செய்கிற பயிற்சி வேண்டாம், வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். அனல் பறக்கும் அறையில் யோகா, விழுந்து அடிபடக்கூடிய விளையாட்டு, ஆழ்கடல் டைவிங் மூன்றும் இப்போதைக்குக் கிடையாது.

2014இல் அலீசியா மொன்டான்யோ 34 வார வயிற்றோடு அமெரிக்க தேசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடினார். கடைசியாகத்தான் வந்தார், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. வீட்டுக்காரருக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஆனால் அவர் தொழில்முறை ஓட்டக்காரர், நீங்களும் நானும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. எடை ஏறுகிறது என்பதற்காக ஓடாதீர்கள். கலோரியை எரிக்க என்று ஓடினால் பசியோடு ஓடுவீர்கள். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும்.

நிலாமுற்றம்:

அக்கா, நீங்கள் கேட்டதும்தான் அட்டையை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். 10ஆம் வாரம் 52 கிலோ. அதிலிருந்துதான் 8 என்று கழித்திருக்கிறார்கள்! கர்ப்பத்துக்கு முந்தைய மாதம் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் 54 இருந்தேன், தாள் இருக்கிறது. இடையில் தண்ணீர் குடித்தாலும் வாந்தி.

மற்ற எண்கள்: 14ஆம் வாரம் 53.5, 18ஆம் வாரம் 56.5, இப்போது 60. பிரஷர் 110/70. கடைசித் தடவை வேறு மாடியில் வேறு மெஷின், சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். வீட்டு மெஷினில் இன்று காலை வெறும் வயிற்றில் 58.8 காட்டுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாந்தி நின்றதிலிருந்து சாயங்காலம் 5 மணிக்கு ஒரு பசி வருகிறது. அந்த நேரத்தில் கையில் கிடைப்பது பிஸ்கட், பாட்டில் ஜூஸ். பாக்கெட் முடிந்த பிறகுதான் நினைவே வரும்.

வெள்ளைச்சங்கு:

இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனமில்லை. நான் இதன் மறுகோடி. கர்ப்பத்துக்கு முன் பிஎம்ஐ 32. எனக்குச் சொன்ன அளவு 5 முதல் 9 கிலோ. பார்க்கிறவர்கள் எல்லாம் "நீ எடையைக் குறை" என்றார்கள். டாக்டர் மட்டும், "கர்ப்பத்தில் இளைக்க முயற்சி செய்யாதே, மெதுவாக ஏறட்டும்" என்றார். வாரம் 200 கிராம் சொச்சம்தான் ஏறியது.

26ஆம் வாரச் சோதனையில் கர்ப்ப காலச் சர்க்கரை வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். விரலைக் குத்திக் குத்திப் பார்த்ததில் நானே கண்ணால் கண்டது, சாப்பிட்ட உடனே 15 நிமிடம் நடந்தால் அந்த ஒரு மணி நேர எண் இறங்குகிறது. காலையில் மொத்தமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருந்த நாட்களில் அந்தப் பலன் இல்லை. பெரிய பயிற்சி எதுவும் நான் செய்யவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்ட பின் வீட்டுக்குள்ளேயே நடை, போன் பேச்சு எல்லாம் அப்போதுதான். எனக்கு இன்சுலின் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட தோழி ஒருத்தியும் என்னைப் போலத்தான் நடந்தாள். நடந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், அது ஆளுக்கு ஆள் வேறு.

நிலா, பாட்டில் ஜூஸை மட்டும் விட்டுப் பாருங்கள். பழமாகச் சாப்பிடுங்கள்.

ஓபி அக்கா:

பார்த்தாயா நிலா, அந்த 8 கிலோவில் 2 கிலோ நீ ஏற்கெனவே வைத்திருந்ததுதான்.

கணக்குப் பார்ப்போம். 54ஐ 1.58ஆல் இரண்டு தடவை வகுத்தால் பிஎம்ஐ 21.6. உனக்கு 11.5 முதல் 16 கிலோ. அப்படியென்றால் கடைசியில் மெஷின் 65.5 முதல் 70 வரை எங்கே நின்றாலும் சரி. 22ஆம் வாரத்தில் மூன்றரை முதல் ஆறரை கிலோ வரை கூடியிருக்கலாம். நீ ஆஸ்பத்திரிக் கணக்குப்படி 6, வீட்டுக் கணக்குப்படி 4.8. இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. இனி 18 வாரம், வாரம் 350 முதல் 500 கிராம் என்றால் இன்னும் 6 முதல் 9 கிலோ. சாப்பாட்டைக் குறைக்க இங்கே காரணமே இல்லை.

ஆனால் கடைசி 4 வாரத்தில் மூன்றரை கிலோ என்கிற ஏற்றத்தை நான் கவனிக்காமல் விட மாட்டேன். அதில் வேறு மெஷினும் சாப்பாடும் கொஞ்சம் இருக்கும், வாந்திக்குப் பின் உடம்பு தேறியதும் கொஞ்சம் இருக்கும், மீதி உன் 5 மணி பாக்கெட். இனி வீட்டு மெஷினிலேயே வாரம் ஒரு தடவை, காலையில் கழிப்பறை போன பின், ஒரே மாதிரி உடையில் பார். தினமும் ஏறாதே, அது பைத்தியம் பிடிக்க வைக்கும். இரண்டு மூன்று வாரம் இதே வேகத்தில் போனால் டாக்டரிடம் அந்தத் தாளோடு போ. 54 என்கிற எண்ணை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல். அவர் ஒரே வரியில் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கூட்டத்தில் அவர் முன்னால் இருந்தது அந்த 52 மட்டும்தான்.

5 மணிப் பசியோடு சண்டை போடாதே, அது நிஜப் பசி. நாலரை மணிக்கே அவித்த முட்டையோ, பயறுச் சுண்டலோ, பாலும் கொட்டைகளுமோ உள்ளே போய்விட்டால் பிஸ்கட்டுக்குக் கை நீளாது. மதியச் சாப்பாட்டில் புரதம் குறைவாக இருந்தாலும் அந்தப் பசி வரும், அதையும் பார். சர்க்கரைச் சோதனை 24 முதல் 28ஆம் வாரத்துக்குள் செய்வார்கள், தவறவிடாதே.

வயிறு தெரியவில்லை என்கிறவளுக்கு ஒரு பதில்: வயிற்றைக் கண்ணால் அளக்க முடியாது. உயரமானவர், வயிற்றுத் தசை இறுக்கமாக இருக்கிற ஓட்டக்காரி, முதல் கர்ப்பம், இவர்களுக்கெல்லாம் தாமதமாகத்தான் தெரியும். 24ஆம் வாரத்துக்கு மேல் நாடாவால் அளப்பார்கள். அடிவயிற்று எலும்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனையாவது வாரம். 2 சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் பார்ப்பார்கள்.

இப்போது சொல்வது எல்லாருக்கும். ஒரு வாரத்துக்குள் 1 கிலோவுக்கு மேல் திடீரென்று ஏறி, முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி என்று வந்தால் அது சாப்பாட்டு எடை இல்லை. பிரஷர் ஏறுவதால் தேங்குகிற நீராக இருக்கலாம். அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஓடும்போது ரத்தக்கசிவு, தண்ணீர் கசிவு, நெஞ்சுவலி, தலைசுற்றல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிடு. பிள்ளையின் அசைவு பழகிய பிறகு அது குறைந்த மாதிரி இருந்தாலும் அப்படித்தான், போய்க் காட்டிவிடு.

இரட்டைவால்:

அக்கா, என்னைக் கொஞ்சம் கொட்டியது வலிக்கத்தான் செய்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த 20இல் 9 கிலோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நிலாமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி. போனில் பிடித்து டாக்டரிடம் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டேன். தடை எதுவும் இல்லையாம், நஞ்சு மேலே பின்பக்கம் இருக்கிறதாம். "மெதுவாகத் தொடங்கு, ஏதாவது என்றால் நிறுத்து" என்றார். இன்று ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. வீட்டுக்காரரும் கூடவே வந்தார், கடைசியில் மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

ஒரு சந்தேகம் காலைஓட்டம். என் கைக்கடிகாரம் அந்தச் சின்ன ஓட்டத்துக்கே "மிகக் கடினம்" என்று சிவப்பில் காட்டுகிறது. முன்பெல்லாம் இந்த வேகத்துக்குப் பச்சைதான். நான் பேசிக்கொண்டேதான் ஓடினேன். எதை நம்ப?

காலைஓட்டம்:

பேச்சை நம்புங்கள். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 10 முதல் 20 வரை அதிகம் துடிக்கும். கடிகாரத்துக்கு நீங்கள் கர்ப்பம் என்று தெரியாது, பழைய உடம்பை வைத்தே நிறம் காட்டுகிறது. சில கடிகாரங்களில் கர்ப்பத்துக்கென்று ஓர் அமைப்பு இருக்கும், இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த எச்சரிக்கையை அணைத்துவிட்டு நேரத்தை மட்டும் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.